பாலுக்கு அழாத பிள்ளை

1. முதல் நாள்

மேரி வேலைக்குத் திரும்பிய அன்றைக்கே முதலாளி சொல்லிவிட்டார்.

"புள்ள சத்தம் ஆபீஸ் வரைக்கும் கேக்குதும்மா. பார்ட்டிங்க வந்து போற எடம். நாளைக்கும் இப்படித்தான்னா, புள்ள வளந்தப்பறம் வேலைக்கு வா."

விருத்தாசலத்தில் ஃப்யூஸ் கட்டை செய்யும் பீங்கான் கம்பெனி அது. ஃபினிஷிங்கில் நான்தான் மூத்த ஆள். சூளைக்குப் போகாத பச்சைக் கட்டையில் பிசிறு எடுத்து, ஈர ஸ்பாஞ்சால் துடைத்து வைப்பது எங்கள் வேலை. என் கையெழுத்து கோணலாக இருக்கும். என் கட்டை கோணலாக இருக்காது.

மேரிக்குத் தாய் இல்லை. திருப்பூருக்குப் போன புருஷன் போனவன்தான். மாதம்கூட ஆகாத பெண் பிள்ளையைப் பார்க்க ஆளில்லாமல் தூக்கிக்கொண்டு வந்திருந்தாள். இந்த வேலையும் போனால் அவள் வீட்டில் அடுப்பு எரியாது. தூசி வராத பேக்கிங் ரூமில் தூளி கட்டிக் கொடுத்தோம். அன்று முழுக்க அழுகைதான்.

2. கரண்ட் போனபோது

மறுநாள் காலை பிள்ளை நன்றாகத் தூங்கியது. பிழைத்தோம் என்று நினைத்தேன். கரண்ட் போனது. வீலென்று கத்த ஆரம்பித்தது.

"ஒனக்கு பால் பத்தலடி. பவுடர் பால் வாங்கிக் குடு" என்றாள் பக்கத்தில் இருந்த ராணி.

"இப்பதான்க்கா குடிச்சிது. கக்குற அளவுக்குக் குடிச்சிது" என்று மேரி கண்ணைத் துடைத்தாள்.

புழுக்கம் என்று சொல்லவும் வழியில்லை. அந்த ரூமில் ஃபேனே கிடையாது. துணியை மாற்றினோம், தோளில் போட்டுத் தட்டினோம், ஒன்றும் நடக்கவில்லை. கரண்ட் வந்தது. பக்கத்து ஷெட்டில் பால் மில் ஓட ஆரம்பித்தது. திறந்த வாய் திறந்தபடியே பிள்ளை அழுகையை நிறுத்திவிட்டது.

பால் மில் என்பது பெரிய இரும்பு உருளை; அந்தப் 'பால்' இங்கிலீஷ் பந்து. கூழாங்கல்லும் மண்ணும் தண்ணீரும் போட்டுச் சுற்றவிட்டால் மண் கூழாக அரையும். முந்தின நாள் பெல்ட் அறுந்து அது ஓடவே இல்லை. மேரி ஃபினிஷிங்குக்கு வருமுன் நிறைமாதம் வரை அந்த மில்லுக்குப் பக்கத்தில்தான் நின்று வேலை செய்தாள்.

"அடியே ராணி, இது பாலுக்கு அழுவல. பால் மில்லுக்கு அழுவுது!" என்றேன்.

சிரிப்பு அடங்க நேரமாயிற்று.

3. ஜாடி

கரண்ட் எப்போது போகும் என்று யாருக்குத் தெரியும்? மண் மாற்ற மில்லை நிறுத்தியதுமே பிள்ளை மறுபடி அழுதது. ஊறுகாய் வந்த பிளாஸ்டிக் ஜாடியில் மில்லில் தேய்ந்த கூழாங்கற்களைப் போட்டு மூடி, தூளிக்கு அருகே காலால் உருட்டிப் பார்த்தேன். கடக் கடக்கென்றது. பிள்ளைக்குத் தூக்கிவாரிப்போட்டது, முன்னைவிட அதிகமாக அழுதது.

"பெரியக்கா, புள்ளய தூங்க வெக்கிறியா, பேய் ஓட்டுறியா?" என்றாள் ராணி.

அப்போதுதான் உறைத்தது. எந்த மில்லாவது தண்ணியில்லாமல் ஓடுமா? மண் கூழைப் பாதி ஜாடிக்கு ஊற்றி, மூடியை இறுக்கி உருட்டினேன். குடுகுடுவென்று அதே சத்தம், சின்னதாக. தூளிக்குள் விசும்பல் குறைந்து, நின்றும் போனது.

மதியம் மறுபடி கரண்ட் போனது. தூளி ஓரமாகவே பலகையைப் போட்டு, கையில் கட்டையும் காலில் ஜாடியுமாக வேலை செய்துகொண்டிருந்தேன். முதலாளி வந்தார். மரியாதைக்கு எழுந்தேன். ஜாடி நின்றது. பிள்ளை சிணுங்கியது. மேரி கட்டையை வைத்துவிட்டுத் தூளிக்கு ஓடி வந்தாள்.

"இன்னாம்மா இது கால்ல?"

"மொதல்ல உருட்டுங்க, அப்பறம் சொல்றேன். எழுந்து நின்னா எனக்கு கால் எட்டாது."

அவர் செருப்புக் காலால் தள்ளினார். சிணுங்கல் நின்றது. நிறுத்திப் பார்த்தார், சிணுங்கியது. மறுபடி தள்ளினார். கொஞ்ச நேரம் உருட்டிக்கொண்டே நின்றார்.

"கரண்ட் இல்லாம ஓடுற மில்லு ஊர்லயே இது ஒண்ணுதான்" என்றவர், போகும்போது, "மேரி, நாளைக்கு நேரத்தோட வந்துடு" என்றார்.

இப்போது வேலைக்கு வரும் பெண்களுக்கு நான் சொல்வது இதுதான். பிள்ளை அழுதால் பாலைப் பாருங்கள், துணியைப் பாருங்கள், உடம்பு சுடுகிறதா என்று பாருங்கள். எல்லாம் சரியாக இருந்தும் அழுதால், அதன் அம்மா நிறைமாதத்தில் எங்கே நின்று வேலை செய்தாள் என்று கேளுங்கள். அவளோடு அதுவும் அங்கேதான் நின்றது.