ஏழு பறவை வேகம்

சொக்கலிங்கத்துக்கு மெதுவாக ஓடத் தெரியாது. அறுபத்திரண்டாம் வயதில் இதயத்தில் ஸ்டென்ட் வைத்த பிறகு டாக்டர் அவருக்குக் கற்றுத்தரப் பார்த்தது அதைத்தான். "ஓடலாம். ஆனா பேசிக்கிட்டே ஓடுற வேகம். மூச்சு வாங்கக் கூடாது" என்றார். தனியாக ஓடுகிற மனிதர் யாரிடம் பேசுவது என்று டாக்டர் சொல்லவில்லை.

அந்தக் குறையை மனைவி அமிர்தவல்லி தீர்த்துவைத்தார். வனத்துறை அலுவலகத்தில் இருபத்தெட்டு வருடம் டைப்பிஸ்ட். இந்தத் தீவுகளின் பறவைப் பட்டியலை மூன்று மொழியில் தட்டச்சு செய்தவர்; காட்டுக்குள் போனது இரண்டே முறை, அதுவும் ஆபீஸ் பிக்னிக்.

"போறப்ப வரப்ப ஏழு பறவை பாத்துட்டு வந்து சொல்லணும். வேகமா ஓடுனா ஏழு சிக்காது. பொய் சொன்னீங்கன்னா ஷூ அப்ஸலுக்கு."

அப்ஸல் பக்கத்து வீடு. ஜங்லிகாட் பகுதியில் ஸ்கூட்டர் பழுது பார்ப்பவர். அவருக்கும் ஒன்பதாம் நம்பர் கால்.

தீவின் படகுத்துறை ஊரான பாம்பூஃப்ளாட்டில் அவர்கள் வீட்டுக்குப் பின்னால் காட்டுப்பாதை மலையேறுகிறது. முதல் நாள் சொக்கலிங்கம் பழைய வேகத்தில் போய்வந்து, சரளமாக ஏழு பெயர் ஒப்பித்தார். ஆறாவதாகச் செம்போத்து.

"எப்படி இருந்துச்சு?"

"நல்லா கன்னங்கரேல்னு உடம்பு, செம்பட்டை றெக்கை."

"அது உங்க ராமநாதபுரத்துச் செம்போத்து. இந்தத் தீவுல உள்ளதுக்கு உடம்பே பழுப்பு. முப்பத்தஞ்சு வருஷமா இருக்கீங்க, ஒரு தடவையாவது நிமிந்து பாத்தீங்களா?"

பார்த்ததில்லை. பார்க்க நேரம் இருந்ததில்லை. அபர்டீன் பஜாரில் அவருக்கு ஆபீஸ். வரைபடம் போடுகிற வேலை. வேலைக்குப் போக பாம்பூஃப்ளாட் ஜெட்டியில் எட்டேகால் போட்டைப் பிடித்து எதிர்க்கரையில் உள்ள சாத்தம் போக வேண்டும். தினமும் எட்டு பன்னிரண்டுக்குத்தான் வீட்டைவிட்டுக் கிளம்புவார். டிபன் டப்பா குலுங்க, சட்டை முதுகில் ஒட்ட, போட்டில் ஏறும் பலகையை இழுக்கிற கடைசி நொடியில் உள்ளே குதிப்பார். போட்டில் இருந்தவர்கள் கைதட்டிய நாட்களும் உண்டு. ஒரு நாள்கூடத் தவறவிட்டதில்லை என்பது அவர் வாழ்க்கையின் ஒரே பதக்கம். அரசாங்கம் தலைநகரின் பெயரை மாற்றிவிட்டது, மலையின் பெயரை மாற்றிவிட்டது. அந்தப் பதக்கம் மட்டும் அப்படியே இருந்தது.

செம்போத்து விஷயத்தில் ஒரு மன்னிப்பு கிடைத்தது. இனி ஒரு தப்பு என்றால் ஷூ கிடையாது.

போன வியாழக்கிழமை ஒழுங்காகவே தொடங்கினார். மழை பெய்து ஓய்ந்த காலை. நடையா ஓட்டமா என்று பார்ப்பவர் குழம்புகிற வேகம். துடுப்புவால் கரிச்சான் ஒன்று வாலின் இரண்டு கரண்டிகளையும் இழுத்துக்கொண்டு குறுக்கே போனது. மலைமைனா. கன்னம் சிவந்த கிளிகள். மரப்பட்டையில் பச்சைப் பல்லி ஒன்று, முதுகில் சிவப்புப் பொட்டுகளோடு. வள்ளி இதைக் கணக்கில் எடுக்க மாட்டாள் என்று தெரிந்தும் நின்று பார்த்தார். நான்காவதாக, கீழ்க்கிளையில் ஈர இறக்கையை விரித்து உலர்த்திக்கொண்டு ஒரு செம்போத்து. பழுப்பு உடம்பு. அவள் சொன்னது சரிதான்.

அப்போது கீழே ஜெட்டியில் போட் ஹார்ன் அடித்தது.

கால்கள் அவரைக் கேட்கவில்லை. வேரும் சேறும் தாண்டி, இல்லாத டிபன் டப்பாவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, வீட்டு வாசலில் வந்துதான் நின்றார்.

அமிர்தவல்லி வாசலில் நின்றிருந்தார். சொக்கலிங்கம் குனிந்து ஷூவைக் கழற்றி அவர் முன்னால் வைத்தார்.

"நாலுதான். மிச்சத்துக்கு ஓடிட்டேன். ஹார்ன் கேட்டுச்சு வள்ளி."

"நெஞ்சு வலிக்குதா?"

"இல்ல."

"மொதல்ல உக்காருங்க." தண்ணீர் கொடுத்து, மூச்சு அடங்கும்வரை காத்திருந்தார். "எனக்கும்தான் கேட்டுச்சு. டீயப் பாதில வச்சிட்டு வாசலுக்கு வந்துட்டேன்."

"நீ எதுக்கு வந்த?"

"போட்ட நிறுத்தி வைக்க."

சொக்கலிங்கத்துக்குப் புரியவில்லை.

"போட் கயிறு அவுக்குற பெங்காலி அண்ணன் இருந்தாருல்ல, தாதான்னு கூப்பிடுவோமே? நானும் அதே போட்டுலதானே ஆபீஸ் போவேன், தினம் முன்னாலயே போயி அவருகிட்ட நிப்பேன். 'தாதா, ஏக் மினிட், ஒரு ஆளு வராரு.' அவரு தலையில அடிச்சிக்கிட்டு நிறுத்துவாரு."

"அப்ப நான் ஓடிப் பிடிச்சதெல்லாம்?"

"நீங்க ஓடுனீங்க. போட் நின்னுச்சு."

பதக்கம் போய்விட்டது. ஈரக் காலுறையை உருவிக்கொண்டே கேட்டார்: "எப்பலேருந்து?"

"எண்பத்தொன்பது."

"நமக்குக் கல்யாணம் தொண்ணூத்திரெண்டுலதானே?"

"ஆமா."

அமிர்தவல்லி ஆறிப்போன டீயை எடுக்க உள்ளே திரும்பினார். போகிற போக்கில் ஷூவைக் காலால் வெயில் பக்கம் தள்ளிவிட்டார்.

"காயட்டும். அடுத்த தடவ நானும் வரேன். முன்னால நான் நடப்பேன், என்னத் தாண்டக் கூடாது."

"அப்ப ஏழு?"

"ஆளுக்கு ஏழு."