சித்தப்பாவின் நூறு கெஜம்

எங்கள் சித்தப்பா நூறு கெஜ ஓட்டத்தில் மதராஸ் ராஜதானிக்கே முதல் ஆளாக வந்துவிடுவார் என்று ஓர் ஆனி மாதம் முழுக்கத் தென்காசி நம்பிக்கொண்டிருந்தது. யுத்தம் தொடங்குவதற்குச் சில வருஷங்கள் முந்தைய ஆனி அது. நம்பாத ஆள் ஊரில் ஒரே ஒருவர்தான். அவர் எங்கள் வீட்டிலேயே இருந்தார் என்பது எனக்கு வெகுகாலம் கழித்துத்தான் தெரிந்தது. எனக்கு அப்போது ஒன்பது வயதிருக்கும். யார் எதைச் சொன்னாலும் நம்புவதைத் தவிர வேறு வேலை எனக்கு அந்த வயதில் இல்லை.

சித்தப்பா பாளையங்கோட்டையில் காலேஜில் படித்துக்கொண்டிருந்தார். படித்தார் என்பதை விட ஓடினார் என்று சொல்வதுதான் நியாயம். பரீட்சையில் ஒரு தடவை கோட்டை விட்டாயிற்று. இரண்டாம் தடவையும் விட்டபோது அப்பாவுக்குப் பொறுமை போய்விட்டது. அப்பாதான் அவரைத் தூக்கி வளர்த்தவர். அண்ணன் என்று பெயரே தவிர, தகப்பன் ஸ்தானம். சித்தப்பா அப்பாவுக்கு எதிரில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

"ஏலே, படிப்புத்தான் வரல, ஓட்டமாவது வருதான்னு பாப்போம்" என்றார் அப்பா. "பட்டணத்துப் பந்தயத்துல ஜெயிச்சேன்னா மேக்கொண்டு படி. தோத்தா சுந்தரபாண்டியபுரத்து வயலப் பாத்துக்கோ. ரெண்டுல ஒண்ணு."

சித்தப்பா தலையை ஆட்டினார். அவர் முகம் வெளுத்துப்போனது எனக்கே தெரிந்தது. அப்பா சொன்னால் சொன்னதுதான். கத்திரிக்காய் இனிமேல் எனக்கு வேண்டாம் என்று எந்தக் காலத்திலோ அம்மாவிடம் ஏதோ கோபத்தில் சொன்னவர், அதற்கப்புறம் கல்யாண வீட்டுப் பந்தியில்கூட அதைத் தொட்டதில்லை. சித்தப்பாவுக்கோ வயல் என்றாலே ஆகாது. சேற்றில் காலை வைத்தால் உடம்பெல்லாம் ஊறுகிறது என்பார். படிப்பின் மேல் பெரிய பிரியம் இருந்ததென்று சொல்ல மாட்டேன். காலேஜின் மேல் இருந்தது. அங்கே மைதானம் இருந்தது, கூட்டாளிகள் இருந்தார்கள்.

பந்தயத்துக்கு முன்னால் பையன்களை எங்காவது கூட்டிப்போய்த் தயார் செய்யவேண்டும் என்று காலேஜ் டிரில் மாஸ்டர் யோசித்துக்கொண்டிருந்தாராம். எங்களுக்குக் குற்றாலத்தில் ஒரு வீடு உண்டு. சீசனுக்கு வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடுவோம். அந்த வருஷம் அதை விடாமல், ஓட்டக்காரர்கள் வந்து தங்கட்டும் என்று அப்பாவே சொன்னார். ஒரு பக்கம் வயலைக் காட்டிப் பயமுறுத்திவிட்டு இன்னொரு பக்கம் வீட்டுச் சாவியைக் கொடுத்த மனுஷர் அவர். அம்மாவும் நானும் சமையலுக்கென்று அங்கேயே போய்விட்டோம். அப்பா தென்காசியில் இருந்துகொண்டு காலையில் வந்து பார்த்துவிட்டுப் போவார்.

ஏழெட்டுப் பேர் வந்து இறங்கினார்கள். ஈட்டி எறிகிறவர், உயரம் தாண்டுகிறவர், குண்டு எறிகிறவர், நாலு பேர் மாற்றி மாற்றி ஓடுகிற ஓட்டத்துக்கு ஆட்கள். குண்டு எறிகிறவர்தான் எனக்கு ரொம்பப் பிடித்தவர். தினமும் என்னிடம் வந்து இன்றைக்கு அடுப்பில் என்ன என்று ரகசியமாகக் கேட்டுக்கொண்டு போவார். பையன்களுக்குத் தினம் இரண்டு முட்டை வேண்டும் என்று டிரில் மாஸ்டர் சொன்னதும் அம்மா காதைப் பொத்திக்கொண்டாள். எங்கள் வீடு சைவம். முட்டைக்குப் பதிலாக உளுந்தங்களி கிண்டி, நடுவில் குழி பண்ணி நல்லெண்ணெய் ஊற்றி வைத்தாள். ஒரு வாய் சாப்பிட்டதும் டிரில் மாஸ்டர் முட்டையைப் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டார்.

குற்றாலத்துக்கும் தென்காசிக்கும் நடுவில் எங்களுக்கு ஒரு மேட்டுத் தரிசு கிடந்தது. அதுதான் மைதானம். சுண்ணாம்பால் கோடு போட்டார்கள், சாரல் அழித்தது. மறுபடி போட்டார்கள், மறுபடி அழித்தது. கடைசியில் சணல் கயிற்றைக் கட்டிவிட்டார்கள். சாரலை மழை என்று சொல்லக்கூடாது. மழைக்கு ஒரு தொடக்கம் உண்டு, ஒரு முடிவு உண்டு. சாரல் அதன் பாட்டுக்குக் காற்றில் மிதந்துகொண்டிருக்கும். கூடவே வெயிலும் அடிக்கும். மலை இருக்கிற இடத்தில் மலை இருக்காது, திடீரென்று அருவி மட்டும் ஆகாசத்திலிருந்து தொங்கும். அந்த வெள்ளைப் படலத்துக்குள்ளே பனியன் போட்ட பையன்கள் ஓடுவார்கள், தாண்டுவார்கள். பாதி தூரம் போனதும் காணாமல் போவார்கள். பிறகு வேறெங்கோ சிரித்துக்கொண்டு வந்து நிற்பார்கள். ஈட்டி மேலே போவது தெரியும், வந்து குத்துவது தெரியாது. இன்றைக்கு நினைத்தாலும் அதெல்லாம் நிஜமாக நடந்ததா, காய்ச்சலில் படுத்துக்கிடந்தபோது கண்டதா என்று எனக்கு நிச்சயமில்லை.

முதல் நாள் கிழக்குக் கோடியிலிருந்து மேற்கே பார்த்து ஓட விட்டார்கள். ஆரியங்காவுக் கணவாய் வழியாக வருகிற காற்று சாரலை அள்ளி முகத்தில் அடித்தது. ஒருவராலும் கண்ணைத் திறக்க முடியவில்லை.

"கண்ணு தெரியாம ஓடி முட்டிய ஒடச்சுக்கிடவா? அங்கன போயி நின்னு இங்கன பாத்து ஓடுங்கலே" என்றார் டிரில் மாஸ்டர்.

அன்றிலிருந்து எல்லா ஓட்டமும் மேற்கேயிருந்து கிழக்கே. குண்டு எறிகிறவர் மேற்குக் கோடியில் நின்று இரண்டு பலகைகளைச் சேர்த்துத் தட்டுவார். கிழக்குக் கோடியில் டிரில் மாஸ்டர் கழுத்தில் தொங்கும் ஸ்டாப் வாட்ச்சை அமுக்குவார். அவருக்குப் பக்கத்தில் சிவப்பு நூலின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நான். மறுமுனை ஒரு கம்பில் கட்டியிருக்கும். சித்தப்பா புகையிலிருந்து பிய்ந்து வருகிற மாதிரி வருவார். நூல் அவர் மார்பில் பட்டு என் விரலை இழுக்கும். அந்த இழுப்பில் எனக்கு உடம்பெல்லாம் சிலிர்க்கும். இந்த உலகத்தில் என் சித்தப்பாவைப் போல ஓட ஆள் கிடையாது என்று அடித்துச் சொல்வேன்.

வாட்ச்சும் அதைத்தான் சொன்னது. முதல் தடவை பார்த்ததும் டிரில் மாஸ்டர் அதைக் காதில் வைத்து ஆட்டிப் பார்த்தார். சித்தப்பாவை மறுபடி ஓடச் சொன்னார். மறுபடியும் அதே நேரம். பட்டணத்தில் போன வருஷம் கோப்பை வாங்கியவன்கூட அந்த நேரத்தில் ஓடவில்லையாம். மற்றவர்களும் அவரவர் பழைய நேரத்தைத் தாண்டித்தான் ஓடினார்கள். டிரில் மாஸ்டர் அதற்கெல்லாம் காரணம் கண்டுபிடித்துவிட்டார். "ஏலே, மூலிகைத் தண்ணி! அருவித் தண்ணி நரம்புக்குள்ள போயி வேல செய்யுது." மீதிப் புண்ணியத்தை அம்மாவின் உளுந்தங்களிக்குக் கொடுத்தார். அம்மா அன்றைக்குக் களியில் கருப்பட்டியைக் கூடக் கொஞ்சம் போட்டாள்.

அதற்கப்புறம் பையன்கள் ஓடிய நேரத்தை விட அருவியில் நின்ற நேரம் அதிகம். கண்கள் மிளகாய்ப் பழமாகச் சிவந்து வருவார்கள். டிரில் மாஸ்டருக்கு ஒரு சின்னச் சந்தேகம் மட்டும் பாக்கி இருந்தது. வாட்ச்சைத் தென்காசியில் கடிகாரம் பழுது பார்க்கிறவரிடம் எடுத்துக்கொண்டு போனார். அவர் கழற்றிப் பார்த்து, ஒரு குற்றமும் இல்லை என்று சொல்லிவிட்டார். சொன்னவர் அதோடு நின்றாரா? கடைக்கு வந்தவர் போனவரிடமெல்லாம் விஷயத்தைச் சொல்ல, ரதவீதி முழுக்கப் பரவிவிட்டது. சித்தப்பா அந்தப் பக்கம் நடந்தால் கடைக்காரர்கள் எழுந்து நின்று பார்த்தார்கள். அம்மா பண்பொழித் திருமலைக் குமரனுக்கு வேண்டிக்கொண்டாள். ஊர் முழுக்கச் சித்தப்பாவைத் தூக்கி வைத்துக்கொண்டது. தோற்றுப்போனால் என்ன ஆகும் என்ற பேச்சே எங்கள் வீட்டில் மறைந்துபோயிற்று.

அப்பா ஒரு நாள் காலையில் ஓட்டத்தைப் பார்க்கவே வந்தார். குடையை மேற்குப் பக்கமாகச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு நின்றார். சித்தப்பா ஓடி முடித்தார். டிரில் மாஸ்டர் வாட்ச்சை ஏந்திக்கொண்டு வந்து அப்பாவிடம் காட்டினார். அப்பா வாட்ச்சைப் பார்க்கவில்லை. என் கையிலிருந்து அறுந்து, கிழக்கே பறந்துபோய் முள்ளில் மாட்டித் துடித்துக்கொண்டிருந்த நூலைப் பார்த்தார்.

"சார், பட்டணத்துல எந்தப் பக்கம் பாத்து ஓட விடுதாங்க?" என்று கேட்டார்.

"எந்தப் பக்கமா இருந்தா என்ன அண்ணாச்சி, ஓட்டம் ஓட்டந்தான?"

"இல்ல, சும்மா கேட்டேன்" என்று சொல்லிவிட்டு அப்பா சித்தப்பாவைக் கூப்பிட்டார். தோளில் கிடந்த துண்டை எடுத்து அவர் தலையைத் துவட்டிவிட்டார். சித்தப்பாவுக்கு மீசை முளைத்த பிறகு அப்பா அவரைத் தொட்டு நான் பார்த்தது அன்றைக்குத்தான். சித்தப்பா கூச்சத்தில் நெளிந்தார். ஆனால் அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தை எந்தக் கோப்பையும் கொடுத்திருக்காது.

அப்பா போனதும் டிரில் மாஸ்டர் சிரித்தார். "ஒங்க அண்ணாச்சி ஓட்டப் பந்தயத்துக்கும் சூலம் பாக்காரே" என்றார். நானும் சூலம் என்றுதான் நினைத்தேன். வெள்ளிக்கிழமை மேற்கே போகக்கூடாது, வியாழக்கிழமை தெற்கே போகக்கூடாது என்பதில் எங்கள் வீட்டுக்காரர்கள் கெட்டி. ஆனால் அப்பா களத்தில் நின்று வருஷா வருஷம் நெல் தூற்றுகிறவர். எந்தக் காற்று எதை எவ்வளவு தூரம் தள்ளும் என்று அவருக்கு வாட்ச் வைத்துப் பார்க்கவேண்டியதில்லை. சித்தப்பாவும் அந்த ஊரில் பிறந்தவர்தான். என்ன செய்வது, ஆனி ஆடியில் சாய்ந்து நடந்தே பழகிப்போனவர்களுக்குக் காற்று என்று ஒன்று தனியாகத் தெரிவதில்லை. டிரில் மாஸ்டர் பாளையங்கோட்டை வெயிலில் வெந்தவர். அவருக்கு எல்லாம் அருவித் தண்ணீர்.

ஊரே திரண்டு வந்து ரயிலேற்றியது. பட்டணத்தில் நடந்ததை எனக்குச் சொன்னவர் குண்டு எறிகிறவர். அவர் தலை நரைத்தபின், ஒரு கல்யாண வீட்டில் பாயாசம் குடித்துக்கொண்டே சொன்னார். அங்கே ஓர் இலைகூட ஆடவில்லையாம். சித்தப்பா கடைசிக்கு முந்தின ஆளாக வந்தாராம். பாதி ஓட்டத்தில் யாரோ தன் கையை விட்டுவிட்டுப் போன மாதிரி அவர் திரும்பிப் பார்த்தாராம். பார்க்காமல் இருந்திருந்தால் இன்னும் ஓர் ஆளைத் தாண்டியிருப்பார் என்று சொல்லிவிட்டு அவர் இன்னொரு டம்ளர் பாயாசம் கேட்டார்.

அன்றைக்கு இதொன்றும் எனக்குத் தெரியாது. சித்தப்பாவைக் கூட்டிவர அப்பா ஸ்டேஷனுக்குக் கிளம்பினார். நானும் வண்டியில் ஏறிக்கொண்டேன். போகும்போது ஊர் திரண்டதே, வரும்போது ஒருவரையும் காணோமே என்று நினைத்துக்கொண்டேன். பிளாட்பாரத்தில் சாரல் புகைந்துகொண்டிருந்தது. எல்லாரும் இறங்கிப்போன பிறகு சித்தப்பா இறங்கினார். பெட்டியைக் கீழே வைத்துவிட்டு அப்பாவுக்கு முன்னால் வந்து நின்றார். நிமிர்ந்து பார்க்கவில்லை.

அப்பா குடையை அவர் தலைக்கு மேல் சாய்த்துப் பிடித்தார். பிறகு, "பட்டணத்துல காத்து இருந்துச்சாலே?" என்று கேட்டார்.

சித்தப்பா தலையைத் தூக்கி அவரையே பார்த்தார். என்ன கேட்கிறார் என்று புரிய அவருக்குச் சற்று நேரம் பிடித்தது.

"பொட்டுக் காத்து இல்ல அண்ணாச்சி" என்றார். சொல்லும்போதே அழுதுவிட்டார். அவ்வளவு பெரிய ஆள், ஸ்டேஷனில் நின்று தோள் குலுங்க அழுதார். அப்பா பெட்டியைத் தானே எடுத்துக்கொண்டார்.

எனக்குப் பரிதாபமாக இருந்தது. காற்றே இல்லாத ஊரில் ஒரு வாரம் எப்படித்தான் இருந்தாரோ பாவம் என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். வண்டியில் ஏறியதும் ஞாபகம் வந்து, "கப்பு எங்க சித்தப்பா?" என்று கேட்டேன். சித்தப்பா வெளியே பார்த்தார்.

"அது பட்டணத்துல பத்திரமா இருக்குட்டி" என்றார் அப்பா.

பட்டணத்தில் இருக்கிறதென்றால் அது நல்ல இடமாகத்தான் இருக்கும். நான் அதற்குமேல் கேட்கவில்லை. வீட்டில் அம்மாவும் கேட்கவில்லை. சித்தப்பாவுக்கு முதலில் இலை போட்டாள். சில நாட்கள் அவர் அறையை விட்டு வெளியே வரவில்லை. களைப்பு என்றார்கள். பிறகு ஒரு காலையில் அப்பா வில்வண்டியைப் பூட்டச் சொன்னார். சித்தப்பாவின் டிரங்குப் பெட்டியும் படுக்கையும் அதில் ஏறின. சுந்தரபாண்டியபுரத்துக்கோ என்று நான் வாசலுக்கு ஓடினேன். வண்டி ஸ்டேஷன் பக்கம் திரும்பியது. "பரீட்சைக்கும் கொஞ்சம் படிலே" என்று அப்பா சொன்னது காதில் விழுந்தது.

எனக்கு நிம்மதியாகிவிட்டது. கணக்கு சரியாக இருந்தது. ஜெயித்தால் காலேஜ், தோற்றால் வயல் என்று அப்பா சொல்லியிருந்தார். சித்தப்பா காலேஜுக்குப் போகிறார். ஆகவே சித்தப்பா ஜெயித்துவிட்டார். அன்றைக்கே பள்ளிக்கூடத்தில் போய் எல்லாரிடமும் சொன்னேன். ஓரிரண்டு பிள்ளைகள் வேறு மாதிரி கேள்விப்பட்டதாக முணுமுணுத்தார்கள். அப்படியானால் ஏன் அவரை வயலுக்கு அனுப்பவில்லை என்று நான் மடக்கினேன். டீச்சர் கேட்டுக்கொண்டே இருந்தாள். என் தலையைத் தடவிவிட்டுப் பாடத்தை ஆரம்பித்தாள்.

அப்பா தன் ஆயுசில் சொன்ன சொல்லை மாற்றியது அந்த ஒரே ஒரு தடவைதான். நான் வாசலில் நின்று என் கண்ணால் அதைப் பார்த்தேன். பார்த்துவிட்டு, சொன்னபடியே செய்துவிட்டாரே என்று பெருமைப்பட்டுக்கொண்டு உள்ளே போனேன்.