சீதேவி அண்ணனுக்கு இடம் பார்த்த கதை

பழுகாமத்தில் சீதேவியைப் பற்றி மூன்று மாதமாக ஒரு பேச்சு ஓடுகிறது. கூடப்பிறந்த அண்ணனைக் கொண்டுபோய் முதியோர் இல்லத்தில் தள்ளிவிட்டாளாம். பேசுகிறவர்களில் ஒருவர்கூட அந்த மனிதரை ஒரு நாள் குளிப்பாட்டியதில்லை. நான் கூடப் போனவன். நடந்ததைச் சொல்கிறேன்.

சீதேவிக்கு அறுபத்திரண்டு வயது. கணவர் காலமாகிப் பன்னிரண்டு வருடம். பிள்ளை இல்லை. ஊர்ப் பள்ளிக்கூடத்தில் பதினாறு வருடம் நூற்றிருபது பிள்ளைகளுக்கு மதியச் சாப்பாடு சமைத்தவள். ஒரு நாள் பருப்பு அடிப்பிடித்தால், யாரும் கண்டுபிடிக்கும் முன்னர் பள்ளி அதிபரிடம் தானே போய்ச் சொல்லிவிடுவாள். அப்படிப்பட்ட ஆட்களை நான் நடத்திவந்த தொழிலாளர் சங்கத்தில் பொருளாளராகப் போட வேண்டும். நான் இரண்டு முறை கேட்டேன். இரண்டு முறையும் சிரித்துவிட்டுப் போனாள்.

அண்ணன் வேலப்போடிக்கு எழுபத்தொன்பது. இருபத்திரண்டு வருடம் எங்கள் வட்டைக்கு விதானையாக இருந்தவர். வெளியூர்க்காரருக்காகச் சொல்கிறேன்: ஒரே வாய்க்காலில் தண்ணீர் எடுக்கிற வயல்கள் எல்லாம் சேர்ந்தது ஒரு வட்டை. யாருடைய வயலுக்கு எப்போது தண்ணீர், எப்போது பூட்டு என்று சொல்கிறவர் வட்டவிதானை. கமக்காரர், அதாவது வயல் செய்கிறவர்கள், கூடித் தெரிவு செய்வார்கள். தெரிவு செய்த பிறகு அவர் சொன்னதுதான். வாய்க்காலின் கடைசியில் கிடக்கும் வயல்களுக்குத் தண்ணீர் வரவில்லை என்று அவருக்கு எதிராக நான் மூன்று துண்டுப்பிரசுரம் அடித்திருக்கிறேன். இரண்டில் நான் சொன்னது சரி.

ஐந்து வருடத்துக்கு முன்னர் அவருக்கு மறதி தொடங்கியது. முதலில் பெயர்கள் போயின. பிறகு, செத்துப்போன மனைவி அடுப்படியில் இருக்கிறாள் என்று தேடினார். மறதி நோய், திரும்பாது, கூடிக்கொண்டுதான் போகும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள்.

எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான் போகும். ஆண் கலியாணம் முடித்தால் மனைவி வீட்டுக்குப் போவான். வேலப்போடி இருந்ததும் மனைவியின் வீடுதான். அவர்களுக்கு மகள் இல்லை; அந்த அம்மா கண்ணை மூடியதும் அது அந்த அம்மாவின் தங்கச்சி மகளுக்குப் போனது. ஒரே மகன் தவராசா ஆரையம்பதியில் தன் மனைவி வீட்டில், மாமியாரோடு இருக்கிறான். ஆக, விதானையார் பிறந்த வீட்டுக்குத் திரும்பி வந்தார். அந்த வீடு கடைசிப் பெண் சீதேவியுடையது. ஒருவரும் அவளைக் கேட்கவில்லை. கேட்கிற வழக்கமும் இல்லை.

போன மாரிப்போகத்தில்தான் விஷயம் முற்றியது. ஒரு காலை, சீதேவி தேநீர் வைத்துக்கொண்டிருந்த நேரம், மனிதர் சட்டையை மாட்டி, துவாயைத் தோளில் போட்டு, வாய்க்காலுக்குப் போய்விட்டார். அங்கே தனுசன் என்ற இளம் கமக்காரன் நின்றான். முளை நெல் விதைத்து இரண்டே நாள். வயலில் தண்ணீர் நிற்கவே கூடாத நேரம்.

"கதவைத் திறடா," என்றார் விதானையார்.

அவன் திறந்தான். தன்னுடைய சொந்த வயலுக்குள், தன் கையால், தண்ணீரைத் திறந்துவிட்டான். மத்தியானம் இப்போதைய விதானை வந்து பார்க்கும்போது இரண்டு ஏக்கர் விதை தண்ணீருக்குள் கிடந்தது.

மறுநாள் தனுசன் சீதேவியின் படலையில் வந்து நின்றான்.

"அக்கா, நான் ஏச வரல்ல."

"ஏசு மகன். ஏசினாத்தான் எனக்கும் ஆறும்."

"இல்லக்கா. விதானையார் வந்து நிண்டு திறடா எண்டு சொல்லக்குள்ள, எப்படிக்கா மாட்டன் எண்டு சொல்லுற?"

"அவர் விதானையாரா இப்ப? விட்டு எட்டு வருசம்."

"அதை அவருக்கிட்டச் சொல்லுங்க," என்றான் தனுசன். "எனக்கு அந்தக் குரலைக் கேட்டா கை தானாப் போகுது."

அதற்குப் பிறகு சீதேவி படலைக்குப் பூட்டுப் போட்டாள். பள்ளிக்கூட வேலையை விட்டாள். அவர் நாள் முழுக்கப் படலையைப் பிடித்து ஆட்டினார். ஒரு நாள் ஏறிக் குதிக்கப் பார்த்து முழங்கால் சிராய்த்தது. அன்று பின்னேரம் என் வீட்டுக்கு வந்தாள். உட்காரக் கதிரையைக் காட்டினேன். இருக்கவில்லை.

"அண்ணே, எனக்கு என்னைப் பாக்கப் பயமா இரிக்கு."

"ஏன் புள்ள?"

"மாடு கட்டுற கயித்தைக் கையில எடுத்திட்டன். கட்டில்ல வெச்சுக் கட்டுவம் எண்டு. மறுகா எறிஞ்சிட்டன். நாளைக்கு எறிவனோ தெரியா."

கதிரையை இன்னும் கிட்டத் தள்ளினேன்; அவள் நின்றுகொண்டே சொன்னாள்.

"அவரைக் கட்டாத இடம் ஒண்டு வேணும். மருந்தைக் குடுத்து மயக்கிப் போடாத இடம். அப்படி ஒண்டு இரிக்கா இல்லையா எண்டு பாக்கணும். இல்லாட்டி நான் கட்டிடுவன். என்னோட வாங்க."

அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான். தவராசாவும் ஒத்துக்கொண்டான், செலவை அவன் பார்ப்பதாகப் பேச்சு.

எனக்குத் தெரிந்த வேலையை நான் செய்தேன். யாரிடமும் டைப் பண்ணக் கொடுக்க வேண்டாம் என்று கையாலேயே இருபத்திமூன்று கேள்விகள் எழுதினேன். எத்தனை பேருக்கு ஒரு பராமரிப்பாளர், டொக்டர் எத்தனை நாளுக்கு ஒருமுறை, விழுந்தால் யார் பொறுப்பு, இப்படி. சீதேவி வாங்கிப் பார்த்தாள்.

"தோழர், இது என்ன, மில் முதலாளியோட பேச்சுவார்த்தையா?"

"தேவைப்படும். வெச்சிக்க."

முதல் இல்லம் டவுன் பக்கம். பெயர் எதற்கு. போன் பண்ணினோம். ஞாயிற்றுக்கிழமை வாருங்கள் என்றார்கள். போனோம். வாசலில் பலூன். உள்ளே முப்பது முதியவர்கள் புது உடுப்போடு வரிசையாகக் கதிரையில். யாரோ ஒரு வீட்டுப் பிள்ளையின் பிறந்தநாள். எங்கள் ஆட்களுக்குப் பிறந்தநாள் என்றாலும் ஆண்டுத் திவசம் என்றாலும் முதியோர் இல்லத்துக்கு ஒரு நேரச் சாப்பாடு கொடுக்கும் பழக்கம். நல்ல பழக்கம்தான். அன்று கோழிக்கறி, கேக், எல்லாம் இருந்தது. எங்களுக்கும் இலை போட்டார்கள்.

பொறுப்பாளர் என் இருபத்திமூன்று கேள்விக்கும் "ஓம்" என்றார். நான் எல்லாவற்றுக்கும் சரி போட்டேன். திருப்தி. திரும்பிப் பார்த்தால் சீதேவியைக் காணவில்லை. தண்ணீர் குடிக்கப் போவதாகச் சொல்லிவிட்டு அடுப்படிக்குள் போயிருந்தாள்.

பஸ்ஸில் ஏறியதும் சொன்னாள்: "அடுப்புக் குளுந்து கிடக்கு. சமைக்கிற ஆளுக்கு லீவு. சட்டி பானையெல்லாம் கழுவிக் கவுத்துக் கிடக்கு. இண்டைக்கு வந்தது எல்லாம் அந்தப் பிள்ளைர வீட்டுச் சாப்பாடு."

"அதுக்கு?"

"அதுக்கு, நாம அந்த இடத்தைப் பாக்கவே இல்ல அண்ணே. அந்தப் பிள்ளைர பிறந்தநாளைத்தான் பாத்தம்."

எனக்குச் சுருக்கென்றது. முப்பது வருடம் சங்கம் நடத்தியவன் கோழிக்கறியைத் தின்றுவிட்டுச் சரி போட்டிருக்கிறேன்.

"இன்னொண்டும் பாத்தன்," என்றாள். "பாட்டுப் பாடக்குள்ள ஒரு கிழவி சும்மா இருந்தா. வேலைக்காரப் பிள்ளை பின்னால நிண்டு அவவுட ரெண்டு கையையும் பிடிச்சுத் தட்டினா, போட்டோவுக்கு. எங்கட அண்ணன்ட கையைப் பிடிச்சு அப்படித் தட்டினா, அவர் தட்டினவளுக்குத் தட்டுவார்."

சரி என்றேன். அடுத்தது சொல்லாமல் போவோம். வேலை நாளில் போவோம். அறிவித்துவிட்டுப் போகிற பரிசோதனையில் வெள்ளையடித்த சுவரைத்தான் பார்க்கலாம் என்று எத்தனையோ கூட்டத்தில் பேசியவன் நான்.

இரண்டாவது இல்லம் ஏறாவூர்ப் பக்கம், வாவிக்கரையில். தமிழரும் முஸ்லிம்களுமாகப் பதினெட்டுப் பேர் இருக்கும் சின்ன இடம். செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்குப் போய்க் கதவைத் தட்டினோம். முக்காடு போட்ட ஒரு பெண் வந்தாள். முழங்கை வரை சோப்பு நுரை. பெயர் றபீக்கா என்று பிறகுதான் தெரியும்.

"ஆரு?"

"இடம் பாக்க வந்தம்."

"சொல்லிட்டா வந்தீங்க?"

"இல்ல. சொல்லாமத்தான் வந்தம்," என்றேன், அழுத்தி.

"அப்ப பதினொரு மணி மட்டும் இரிங்க. உள்ளுக்குக் குளிக்க வார்க்கிறம்."

"பரவாயில்ல. அதையும் பாக்கத்தான் வந்தம்."

"எதை? வயசான ஆக்கள் உடுப்பில்லாம நிக்கிறதையா?"

"அம்மா, எங்கட ஆளை ஒப்படைக்கப் போற இடம் இது. எங்களுக்கு உரிமை இரிக்கு."

"ஐயா, நாளைக்கு ஒங்கட ஆளுக்கு நான் குளிக்க வார்க்கக்குள்ள இன்னொருத்தர் உரிமை இரிக்கு எண்டு வருவாரு. விடட்டா?"

நான் வாயைத் திறக்க முன்னர் கதவு பூட்டிவிட்டது. கொஞ்சத்தில் பக்கக் கதவால் இரண்டு கதிரையும் ஒரு போத்தல் தண்ணீரும் வந்தன.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. "ஒளிக்கிறாங்க. உள்ளுக்குக் கட்டி வெச்சிரிக்கிறாங்க. இப்ப அவிழ்க்கிறாங்க. எழும்பு, போவம்."

"சும்மா இரிங்க அண்ணே."

"நான் எத்தனை மில்லைப் பாத்தவன் புள்ள. கதவைப் பூட்டினா உள்ளுக்கு என்னமோ இரிக்கு."

"இது மில் இல்ல," என்றாள். குரல் மாறியிருந்தது. "அஞ்சு வருசமாக் கிணத்தடியில வெச்சு அவருக்குக் குளிக்க வார்க்கிறன். எங்கட கிணறு ரோட்டுக்குத் தெரியும். போற வாற ஒவ்வொருத்தனும் நிண்டு, என்ன விதானையார் சுகமா எண்டு கேப்பான். அவர் சாரனை இறுக்கிப் பிடிச்சிட்டுக் குனிஞ்சிட்டு நிப்பார். மரியாதையாத்தான் கேக்கிறாங்க. ஒருத்தனுக்கும் போடா எண்டு நான் சொன்னதில்ல. இவ சொல்லிட்டா."

முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். நானும் அந்த வேலியோரம் நின்று சுகம் கேட்டவன்தான். தண்ணீர்ப் போத்தலைத் திறந்து குடித்தேன்.

பதினொரு மணிக்குக் கதவு திறந்தது. சீதேவி நேராக அடுப்படிக்குப் போனாள். சிவப்பரிசிச் சோறு, பருப்பு, மணலை மீன் ஆணம். ஓரமாக நாலு கோப்பையில் முள் எடுத்த மீன் தனியாக இருந்தது. பிறகு விறாந்தையில் இருந்த முதியவர்களின் கால்மாட்டில் ஒவ்வொருவராகக் குந்தி எழும்பினாள். கும்பிடுகிறாள் என்று நினைத்தேன். கால் நகம் பார்த்திருக்கிறாள். வெட்டியிருந்தது. மணிக்கட்டைத் தொட்டுப் பார்த்தாள். தழும்பு இல்லை.

நான் என் தாளை விரித்தேன். றபீக்கா ஏழு கேள்விக்கு "இல்லை" என்றாள். டொக்டர் கிழமைக்கு ஒருமுறை வருகிறாரா? இல்லை, மாதம் இரண்டு முறை. போதிய ஆட்கள் இருக்கிறார்களா? இல்லை, இன்னும் இரண்டு பேர் வேண்டும்.

"விழ மாட்டாங்களா?" என்று சீதேவி கேட்டாள்.

"விழுவாங்க. போன மாசம் ஒரு உம்மா விழுந்து இடுப்பு முறிஞ்சிது. கட்டி வெச்சா விழ மாட்டாங்கதான். நாங்க கட்டுறல்ல."

"எழும்பித் திரிஞ்சா?"

"நாங்களும் பின்னால திரிவம். ரோட்டுப் பக்கம் பூட்டு. பின் வளவு திறந்துதான் கிடக்கும், வாவிப் பக்கம் வேலி போட்டிரிக்கு. மருந்து டொக்டர் எழுதினது மட்டும், இந்தா கொப்பி."

சீதேவி கொப்பியை வாங்கி எல்லாப் பக்கமும் புரட்டினாள். பிறகு என்னைப் பார்த்துத் தலையாட்டினாள்.

பத்து நாளைக்குப் பிறகு விதானையாரைக் கூட்டிப் போனோம். தவராசா வேன் பிடித்து வந்தான். இறங்கியதும் அவர் முன்வாசலைக் கவனிக்கவில்லை. பின் வளவுக்குப் போனார். அங்கே றபீக்கா கத்தரிப் பாத்திக்குக் குழாயால் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தாள்.

"பூட்டு!" என்றார். அந்தக் குரல்தான். என் காலே அரை அடி நகர்ந்தது. தவராசா பைப்பைப் பூட்ட ஓடினான்.

"தம்பி, அதைத் தொடாதீங்க," என்றாள் றபீக்கா. அவரைத் திரும்பிப் பார்த்தாள். "பூட்ட மாட்டன் விதானையார். கத்தரிக்கு இன்னும் தண்ணி காணல்ல, வேர் நனையல்ல."

சீதேவி என் கையைப் பிடித்தாள். இருபத்திரண்டு வருடமும், பிறகு எட்டு வருடமும், இந்த மனிதருக்கு யாரும் மாட்டேன் என்று சொன்னதில்லை. நான்கூட அச்சடித்துத்தான் சொன்னேன். முகத்துக்கு நேரே சொல்லவில்லை.

"என்ன சொன்ன?"

"காணாது எண்டன். நம்பல்லண்டா மண்ணைத் தொட்டுப் பாருங்க."

அவர் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு சாரனை மடித்துக் குந்தினார். பாத்திக்குள் விரலை விட்டார். மண்ணை எடுத்து உருட்டினார். உருளவில்லை, உதிர்ந்தது. இன்னொரு இடத்தில் தோண்டிப் பார்த்தார்.

"விடு," என்றார். "அந்தக் கடைசிப் பாத்திக்கும் விடு. அது அறவே காய்ஞ்சி போய்க் கிடக்கு."

"ஓம், அதுக்குத்தான் இழுக்கிறன். இந்தக் குழாயைக் கொஞ்சம் பிடிங்க."

பிடித்தார். ஒரு மணித்தியாலம் இருவரும் பாத்தி பாத்தியாகச் சண்டை பிடித்துக்கொண்டு தண்ணீர் விட்டார்கள். சீதேவி ஒரு மரக்குற்றியில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய தோள் கீழே இறங்குவதைக் கண்ணால் கண்டேன்.

புறப்படும் நேரத்தை நினைத்துத்தான் அவள் வீட்டிலிருந்தே பயந்து வந்தாள். படலையைப் பிடித்துக்கொண்டு அழுவார், என்னையும் கொண்டுபோ என்பார், அப்போது மனம் தாங்காது, திருப்பிக் கூட்டி வந்துவிடுவேன் என்று சொல்லியிருந்தாள். பக்கத்தில் போனாள்.

"அண்ணன், நான் போயிட்டு வாறன்."

நிமிர்ந்து பார்த்தார். "நீ ஆர்ர மகள்?"

"கந்தப்போடிர மகள்," என்று தங்கள் தகப்பன் பெயரைச் சொன்னாள்.

"அவர் நல்ல மனிசன். போ கா, போ. நிண்டு நிண்டு என்ன பாக்காய்? எனக்கு இஞ்ச வேலை கிடக்கு."

வேனுக்குள் அழுதது தவராசாதான். ஏறாவூர்க் கடைத்தெருவில் ஒரு சாப்பாட்டுக் கடையைக் கண்டதும் சீதேவி நிறுத்தச் சொன்னாள். கொத்து ரொட்டி கேட்டாள். இவ்வளவு வருடத்தில் அவள் கடையில் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. பாதி முடிந்த பிறகுதான் தலையை நிமிர்த்தினாள்.

"மாமி, உங்களுக்கு ஒண்டும் செய்யல்லையா?" என்றான் தவராசா, மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

"செய்யிது மகன். பசிக்கிது," என்றாள். "அழுறதெண்டா அழு. ஆனா அந்தக் கோப்பையில கிடக்கிற இறைச்சியத் தின்னாட்டி இஞ்சால தள்ளு."