மஞ்சள் நூல் கட்டிய பிஞ்சு

ஆய்வகத்தில் கரண்ட் வருவதும் போவதுமாக இருந்ததால், என் பயற்றஞ்செடிகளைப் பர்மிய நகரப் பேட்டையான பசுந்தாங்கில் நாங்கள் குடியிருக்கும் கட்டடத்தின் மொட்டை மாடியில் தொட்டிகளில் வளர்த்தேன். பூ விரிந்த அன்றே காம்பில் ஒரு நூல் கட்டுவேன். நாளுக்கு ஒரு நிறம். நிறத்தைப் பார்த்தால் பிஞ்சின் வயது தெரிந்துவிடும். விதை உருவாகும் தொடக்க நாட்களில் அதற்குச் சர்க்கரை எப்படிப் போய்ச் சேருகிறது என்பதுதான் என் ஆராய்ச்சி.

ஒரு நாள் காலை, நான் கட்டாத நூல் ஒன்று ஒரு பிஞ்சில் இருந்தது. மஞ்சளில் தோய்த்த நூல். எனக்குக் கோபம் மூக்கு நுனியில். "எஞ்செடியில யார் கை வச்சது?" என்று கத்திக்கொண்டே படியிறங்கினேன். அடுப்படி வாசலில் நின்ற அண்ணியின் விரல்களில் மஞ்சள் கறை.

அண்ணிக்குக் கரு தங்குவதில்லை. துணி காயப்போட வந்தவள், கோயில் மரத்தில் கட்டுவதுபோல நானும் ஏதோ வேண்டிக்கொண்டு கட்டுகிறேன் என்று நினைத்திருக்கிறாள். என் கோபம் போன இடம் தெரியவில்லை.

"இந்த வெயில்ல மாடிக்கு ஏறி எறங்குனா எப்பிடித் தங்கும்? எல்லாம் இவ ஒடம்பு வாகு" என்றார் அம்மா, கூடத்திலிருந்து. மாமியார் மெச்சிய மருமகள் இல்லை என்பார்கள்; அம்மா மெச்சிப் பார்க்க முயன்றதுகூட இல்லை. அம்மா இந்தப் பேச்சை எடுத்தாலே அண்ணி அடுப்படிக்குள் போய்விடுவாள். அன்றும் போனாள்.

பர்மியப் புத்தாண்டை ஒட்டிய திஞ்சான் தண்ணீர்த் திருநாள் நெருங்க நெருங்க வெயில் கொளுத்தியது. பிஞ்சுகள் உதிர ஆரம்பித்தன. மஞ்சள் நூல் கட்டிய செடியை ஆய்விலிருந்து ஒதுக்கிவிட்டு, இங்கே பெண்களும் கட்டும் லுங்கியில் என் பழையது ஒன்றை அதற்கு மட்டும் பந்தலாகக் கட்டினேன். படித்தவள் செய்கிற வேலையா இது என்று எனக்கே சிரிப்பு வந்தது. ஆனாலும் அந்தப் பிஞ்சு விழக்கூடாது என்று மனதார ஆசைப்பட்டேன்.

விழுந்துவிட்டது. அண்ணிதான் முதலில் பார்த்தாள்.

"தண்ணி ஊத்துனோமே. செடி பச்சையாத்தான நிக்குது? பெறவு ஏன் இதை வேணாம்னு தள்ளுச்சு?"

"தள்ளல அண்ணி. நம்ம பால்கனிக் கயிறு மாதிரிதான் இதுவும்" என்றேன்.

எங்கள் தெருவில் மாடிக்கு மாடி கயிறு தொங்கும். கீழே காய்க்காரர் மாட்டிவிடுவதை அம்மா மேலே இழுப்பார். பெரிய கட்டு பால்கனிக் கம்பிக்குள் நுழையாது. அண்ணிதான் அதைப் பிரித்துப் பிரித்து உள்ளே வாங்குவாள்.

"செடிக்கும் விதைக்கும் நடுவுல நேர் வழி கெடையாது. செடி அனுப்புற சீனி கட்டாத்தான் வரும். வாசல்ல ஒரு நொதி அதை ரெண்டா வெட்டிக் குடுக்கும். அப்பத்தான் குட்டி விதை அதை வச்சு வளரும். வெயில் தாங்காம அந்த நொதி ஒடுங்கிப்போச்சுன்னா, சீனி வாசல்லயே கெடக்கும். உள்ள பட்டினி."

அண்ணி பிஞ்சை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"அப்ப, செடி மேல குத்தமில்ல?"

"இல்ல அண்ணி. அது அனுப்பிக்கிட்டேதான் இருந்திருக்கு."

அவள் அழுதாள். வாய்விட்டு அழுது நான் பார்த்தது அன்றுதான். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இதை அத்தைகிட்டச் சொல்றியா? நான் சொன்னா கேக்க மாட்டாங்க" என்றாள்.

எனக்குத் தயக்கம். பயறு வேறு, பெண் வேறு. பயற்றில் கண்டதை மனுஷி மேல் ஏற்றிச் சொன்னால் என் பேராசிரியர் என்னை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவார். ஆனால் இவள் மேல் குற்றமில்லை என்று சொல்ல எனக்கு எந்த ஆய்வும் வேண்டியிருக்கவில்லை.

இருவரும் கீழே போனபோது அம்மா பால்கனியில் கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தார். "அம்மா, அதை விட்டுட்டு இங்க வந்து உக்காரு. அண்ணியப் பத்திப் பேசணும்" என்றேன்.

அண்ணி அன்று அடுப்படிக்குள் போகவில்லை.