கையுறை இல்லாமல் சுற்றிய சக்கரம்

சக்கரம் என்றால் வண்டிச் சக்கரம் இல்லை. கரண்ட் மிஞ்சும்போது அதை வாங்கிக்கொண்டு வேகவேகமாகச் சுற்றி, போதாதபோது அந்தச் சுற்றையே கரண்டாகத் திருப்பிக் கொடுக்கும் சக்கரம். இரும்பும் இல்லை; கார்பன் நாரைப் பசையில் தோய்த்து, அடுக்கடுக்காகச் சுற்றிச் சுட்டெடுப்பது. அந்தப் பட்டறையில் நார் சுற்றியவளுக்குப் பேர் அண்ணி. மேஸ்திரி அவளுடைய கொழுந்தன். அவன் கூப்பிட்டதையே பட்டறை முழுக்கப் பிடித்துக்கொண்டது.

நார் ஓரிடத்தில் முறுக்கிக்கொண்டால் வெளியே தெரியாது. வருடக்கணக்கில் ஓடிய பிறகு உள்ளே அடுக்கு விட்டுப்போகும். ஒருநாள் சக்கரமே பஞ்சாய்ப் பறக்கும். அதனால் மேஸ்திரி அவள் காதோடு சொன்னான்: “கையுறை போட்டா கைக்கு என்ன தெரியும் அண்ணி? கழட்டிட்டுத் தடவுங்க. பசை என்ன பாம்பா, கொத்தவா போகுது?”

அவள் தடவினாள், ஈர நார் ஓட ஓட, வெறுங்கையால். விரலில் இடறியதும் மெஷினை நிறுத்திப் பிரித்துவிடுவாள். உடைந்தாலும் சிதறல் வெளியே வராத சோதனைக்குழியில் இறக்கிச் சுழற்றியதில் அவள் சுற்றிய சக்கரம் ஒன்றுகூட உடையவில்லை. மேஸ்திரிக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

பசை கொத்தத்தான் செய்தது. விரலிடுக்கில் அரிப்பு, அப்புறம் கொப்புளம், வெடிப்பு. பசை இருக்கும் அறைக்குள் நுழைந்தாலே கண்ணிமை வீங்கியது. இனி அந்தப் பக்கமே போகக் கூடாது என்றார் டாக்டர்.

அவள் கேட்டது ஒன்றுதான்: சோதனைக்குழியில் ஒரு வேலை. அங்கே பசை கிடையாது. மானேஜர் மேஸ்திரியையும் வைத்துக்கொண்டே கேட்டார்: “உறை குடுத்தும் ஏன் போடலை?”

மேஸ்திரி சுவரைப் பார்த்தான். “சொல்லிச் சொல்லி வாய் வலிச்சுது சார். கேட்டாத்தானே?”

“வாய் வலிச்சுதா கொழுந்தனாரே? காட்டுங்க, என் களிம்பு மிச்சம் இருக்கு, தடவி விடறேன்.”

மானேஜர் சிரிக்கவில்லை. உறை போடாதவளுக்கு வேறு வேலையும் இல்லை என்று முடித்துவிட்டார்.

சாப்பாட்டு டப்பாவை எடுக்கப் போனவள் பசை அறைக் கண்ணாடிக்கு வெளியே நின்றுவிட்டாள். உள்ளே புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி, நார்மேல் வெறுங்கை. அண்ணி கண்ணாடியைத் தட்டினாள். “உறையை மாட்டுடி!”

பெண் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள். “மாட்டுனா கைக்குத் தெரியாதாம்க்கா. மேஸ்திரி சொன்னாரு.”

அண்ணி தன் இரண்டு கைகளையும் நீட்டினாள்.

“அய்யோ, இது என்னக்கா?”

“எனக்கும் அவருதான் சொன்னாரு.”

“பசை காயுது, வா!” என்று உள்ளிருந்து மேஸ்திரி கத்தினான். பெண் ஓடினாள். உறை மேஜையில் மடித்தபடியே கிடந்தது.

குழிக்குள் அண்ணி சுற்றிய சக்கரம் ஓடிக்கொண்டிருந்தது. இன்னும் எத்தனையோ வருடம் தாங்குமாம். தாங்கட்டும், அதற்கென்ன.