ஈரல் சோறு

மகளுக்குப் பெங்களூரில் பிரசவம். பயணம் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டதால் அவள் மதுரைக்கு வர முடியவில்லை. நானும் என் வீட்டுக்காரரும் கிளம்பினோம். எங்கள் ராஜபாளையம் நாயை டி. கல்லுப்பட்டிக்குப் பக்கத்தில் கொழுந்தன் தோட்டத்தில் விட்டுப் போவதாக ஏற்பாடு. அவனுக்கு இன்னும் இரண்டு வயது முடியவில்லை. எழுந்து நின்றால் முன்னங்கால்கள் என் தோளில் இருக்கும். உடம்புதான் அப்படி, புத்தி பால்வாடிப் பிள்ளையுடையது.

தோட்டத்திலிருந்து கிளம்பும்போது கொழுந்தன் பெண்டாட்டி சொன்னாள். "பிள்ளைய விட்டுட்டு வேலைக்குப் போற மாதிரிதான் அக்கா. பராக்குக் காட்டிட்டு நைசா கெளம்பிருங்க. கண்ணுல பட்டா ஏங்கிப் போயிரும்."

எனக்கும் அதுதான் சரியென்று பட்டது. என் மகளை விட்டுவிட்டு அப்படித்தான் எத்தனையோ நாள் பஸ் ஏறியிருக்கிறேன். மோட்டார் ரூமுக்குப் பின்னால் அவனுக்குப் பிடித்த கோழி ஈரல் சோற்றை வைத்துவிட்டு, செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு இருவரும் திருடர்களைப் போலக் காருக்கு ஓடினோம். எங்கள் சாமர்த்தியத்தை நினைத்து வழியெல்லாம் சிரிப்பு வேறு.

ஒன்றரை மாதம் கழித்து அவனைக் கே.கே. நகர் வீட்டுக்குக் கூட்டி வந்தோம். வந்த அன்றே தெரிந்துவிட்டது. கற்றுக்கொடுத்தது அத்தனையும் போயே போச்சு. ஹாலிலேயே ஒன்றுக்குப் போனான். சோபா மூலையைக் குதறினான். நான் குளிக்கப் போனால் கதவைப் பிறாண்டினான். செருப்பைத் தொட்டால் போதும், அதன்மேல் படுத்துக்கொண்டு ஊளை. சமாதானப்படுத்தலாம் என்று ஆசையாக ஈரல் சோறு ஆக்கி வைத்தேன். தட்டைப் பார்த்தான். உடனே ஓடிப்போய்க் கேட்டை மறித்துக்கொண்டு நின்றான். சோற்றில் ஈ மொய்த்தது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஈரல் வந்தால் நாங்கள் காணாமல் போவோம் என்று அவன் முடிவு கட்டியிருந்தான். அடுப்படியில் நின்று அழுதேன்.

மறுநாள் மாடியில் இருக்கும் ஹவுஸ் ஓனர் அம்மா பால் வாங்கி வரும்போது அவர்மேல் தாவிப் படிக்கட்டில் உட்கார வைத்துவிட்டான். நல்லவேளை, அடி இல்லை. பால்தான் தெருவில் ஓடியது.

"அடுத்த மாசம் எம் பேத்தி வாரா. இப்பத்தான் நடை பழகுற பிள்ளை. இது இப்பிடியே இருந்துச்சுன்னா தோட்டத்துலயே கொண்டுபோய் விட்ருங்கம்மா. நானும் எம்புட்டுத்தான் பொறுக்க?" என்றார். அவர் சொன்னதில் தப்பே இல்லை. என் வீட்டுக்காரர் தம்பிக்குப் போன் போடத் தயாராகிவிட்டார்.

"போனை வைங்க. பிள்ளை சேட்டை பண்ணுனா ஊருக்குப் பொட்டலம் கட்டிருவீங்களோ?" என்று கத்தினேன்.

கால்நடை டாக்டர் ஒரு சின்னப் பெண். "சேட்டை இல்லம்மா, பயம். அடிக்காதீங்க. அவன் பாக்குறப்பவே சொல்லிட்டுப் போங்க, உடனே திரும்பி வாங்க. தாவுனா முதுகைக் காட்டி நில்லுங்க. நாலு காலும் தரையில இருந்தா மட்டும் தடவுங்க" என்றார்.

அன்றிலிருந்து என் பிழைப்பு சிரிப்பாய்ச் சிரித்தது. செருப்பைப் போடுவேன். "போயிட்டு வாரேன்டா" என்பேன். கேட்டைப் பூட்டித் தெருமுனை டீக்கடைவரை போய்த் திரும்புவேன். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் செருப்பு. டீக்கடைக்காரர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, "என்னக்கா, வீட்ல எதுவும் சண்டையா?" என்றே கேட்டுவிட்டார். தாவும்போது முதுகைக் காட்டி நிற்பதுதான் பெரும்பாடு. என் வீட்டுக்காரர் திரும்பி நிற்பார், ஒரு கை மட்டும் பின்னால் வந்து தடவிக்கொடுக்கும். யாருக்குப் பயிற்சி தேவை என்றே சந்தேகம் வந்துவிட்டது.

தேறி வந்தவன், பரணிலிருந்து பயணப் பையை இறக்கியதும் திரும்ப ஹாலை நனைத்தான். பையை அங்கேயே போட்டு வைத்தோம். நாலைந்து நாளில் அதன்மேல் தலை வைத்துத் தூங்கினான்.

ஹவுஸ் ஓனர் அம்மாவின் பேத்தி வருவதற்கு முந்தின வாரம் திருப்பரங்குன்றத்தில் ஒரு கல்யாணம். அரை நாள் வேலை. பட்டுச்சேலையைக் கட்டிக்கொண்டு, வீம்பாக ஈரல் சோற்றையே தட்டில் வைத்தேன். "போயிட்டு வாரேன்டா." தட்டைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், கேட்டுக்கு வந்து நின்றான். மாடியிலிருந்து ஹவுஸ் ஓனர் அம்மா பார்த்துக்கொண்டிருந்தார். பூட்டிவிட்டுக் கிளம்பினோம். பந்தியில் என்ன பரிமாறினார்கள் என்றே ஞாபகம் இல்லை.

திரும்பி வந்து கேட்டைத் திறந்தபோது முன்னங்காலைத் தூக்கினான். இரண்டு பேரும் முதுகைக் காட்டினோம். பின்னால் சத்தமே இல்லை. திரும்பிப் பார்த்தால், உடம்பெல்லாம் ஆட உட்கார்ந்திருக்கிறான்.

மாடியிலிருந்து குரல் வந்தது. "கொஞ்ச நேரம் கத்துனான். அப்பறம் படுத்துட்டான். பிள்ளை வந்தா கயித்தப் பிடிச்சுக்கங்க, அது போதும்."

நான் அவசரமாக உள்ளே போய்த் தட்டைப் பார்த்தேன். ஒரு பருக்கை இல்லை. நாங்கள் இல்லாதபோது சாப்பிட்டிருக்கிறான். வந்துவிடுவோம் என்று நம்பிச் சாப்பிட்டிருக்கிறான்.