எட்டு கோரா, பதினாறு கோரா

போன வருஷம் புரட்டாசி முழுக்க எனக்கு ஒரே யோசனைதான். பழைய கம்ப்யூட்டர் படுத்துவிட்டது. புதிய பெட்டிக்கு எந்த ப்ராசஸர் வாங்குவது? எட்டு கோர், அதாவது கணக்குப் போட எட்டு மூளை, உள்ளது விளையாட்டுக்கு. கேஷ் என்கிற நினைவகம் அதில் அதிகம், காட்சி திக்காமல் ஓடும். பதினாறு கோர் உள்ளது வேலைக்கு. ஒரே படத்தைப் பதினாறு பேர் பங்குபோட்டு வரைகிற மாதிரி. யூடியூபில் ஆளுக்கொரு வரைபடத்தைக் காட்டிக் கத்தினார்கள். ஒருவன் புகழ்ந்ததை அடுத்தவன் குப்பை என்றான். இவர்கள் யாருக்கும் வீட்டில் வேறு சோலி இல்லை என்பது மட்டும் எனக்குத் தெளிவானது.

எனக்குச் சோலி இருந்தது. கோகாப்பேட்டைப் பக்கம் இன்னும் அஸ்திவாரம்கூடத் தோண்டாத அடுக்குமாடிகளுக்குப் படம் செய்து கொடுப்பது என் பிழைப்பு. பால்கனியில் துளசி, புல்வெளியில் குடும்பம், மேலே ஹைதராபாத்தில் நாங்கள் பார்த்தேயிராத நீல வானம். எல்லாவற்றையும் நான் அடுக்கி முடித்ததும் வெயில், நிழல் கணக்குப் போட்டு கம்ப்யூட்டரே படத்தைத் தீட்டும். அதற்கு ரெண்டர் என்று பெயர். அது ஓடும்போது பெட்டியை வேறெதற்கும் தொட முடியாது.

பழைய பெட்டியில் ஒரு ரெண்டருக்கு ஒரு சாயங்காலமே போய்விடும். அந்தச் சாயங்காலங்களில்தான் என் மகள் பள்ளியிலிருந்து வருவாள். எங்கள் இருவருக்கும் ஒரு கார் பந்தயம் உண்டு; திரையை இரண்டாகப் பிரித்து ஆளுக்கொரு கார். படம் முடிந்தால்தான் பந்தயம். ஸ்டூலை என் நாற்காலிக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக் காலை மடக்கி உட்கார்ந்துகொள்வாள். “இங்கா எந்தசேப்பு, நான்னா?” இன்னும் எவ்வளவு நேரம், அப்பா என்று கேட்பாள். நான் திருநெல்வேலித் தமிழில் பேசுவேன், அவள் தெலுங்கில் பதில் சொல்வாள். எங்கள் வீட்டு வழக்கம் அது. டீச்சர் திட்டியது, பஸ்ஸில் நடந்த சண்டை, சிநேகிதி பேசாமல் போனது, எல்லாம் அந்த ஸ்டூலில் இருந்துதான் வரும். பந்தயத்தில் அவள்தான் ஜெயிப்பாள். தோற்பதற்கு நான் முயற்சி செய்ய வேண்டியதே இருக்கவில்லை.

பிறகு அவள் புனேவுக்குப் படிக்கப் போனாள். ஸ்டூலில் என் மனைவி இஸ்திரித் துணியை அடுக்கி வைத்தாள். அந்தத் துணியடுக்கைப் பார்த்துப் பார்த்தே நான் ஏங்கிப்போனேன்.

தசராவுக்கு வருகிறாள் என்றதும் மனசு எட்டு கோர் பக்கம் சாய்ந்துவிட்டது. நல்ல விளையாட்டுப் பெட்டி இருந்தால் பக்கத்தில் வந்து உட்காருவாள் அல்லவா? வேலையாவது, மண்ணாவது. என் மனைவிக்கு இது பிடிபட அதிக நேரம் ஆகவில்லை.

“அவ வந்து உங்ககூட கார் ஓட்டுவான்னா நெனைக்கீங்க? வேலைக்கு எது வேணுமோ அத வாங்குங்க.”

கோபம் வந்தது. அவள் சொன்னது சரி என்பதால்தான் வந்தது. மகளுக்கே போன் போட்டேன்.

“ஏட்டி, கேம் வெளாட எட்டு கோர் வாங்கட்டுமா, வேலைக்குப் பதினாறு வாங்கட்டுமா?”

“நீ இஷ்டம், நான்னா. நேனு இப்புடு கேம்ஸ் ஆடட்லேது.”

உன் இஷ்டம், நான் இப்போது விளையாடுவதில்லை என்கிறாள். பின்னால் யாரோ அவளைக் கூப்பிட்டார்கள். வைத்துவிட்டாள்.

செகந்திராபாத் கடையில், “போலோ சார், காம் யா கேம்?” என்றார் கடைக்காரர். வேலைக்கா, விளையாட்டுக்கா? இரண்டுக்கும் பொருந்துவது ஒன்றையும் காட்டினார். விலையைக் கேட்டுவிட்டுக் குடிக்கத் தண்ணீர் கேட்டேன். கடைசியில் “காம்” என்றேன். அந்த ஒரு சொல்லைச் சொல்ல எனக்கு மனசே இல்லை.

தசராவுக்கு வந்தவள் போனும் கையுமாகவே இருந்தாள். ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தைய சாயங்காலம் என் அறைக்குள் எட்டிப் பார்த்தாள். கால் மணி நேரத்துக்கு முன்னால்தான் ஒரு ரெண்டரை ஓடவிட்டிருந்தேன். துணியடுக்கைத் தூக்கிக் கட்டிலில் போட்டுவிட்டு, ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தாள்.

“இங்கா எந்தசேப்பு, நான்னா?” என்று கேட்டுச் சிரித்தாள். நானும் சிரித்துக்கொண்டே திரும்பினால், படம் முடிந்து நிற்கிறது.

“அப்புடே அய்போயிந்தா?” அதற்குள் முடிந்துவிட்டதா என்று ஆச்சரியப்பட்டுக்கொண்டே எழப்போனாள்.

“இது சும்மா சோதனைக்கு. அசல் இனிமேதான்,” என்றேன்.

எத்தனை கோர் வேலை செய்யலாம் என்று கேட்கும் கட்டம் ஒன்று அந்த மென்பொருளில் உண்டு. அதுவரை நான் அதைத் தொட்டதே இல்லை. பதினாறை அழித்துவிட்டு ஒன்று என்று போட்டேன். அதே படத்தை மறுபடியும் ஓடவிட்டேன். வானத்தின் ஒரு மூலையில் நீலம் மெல்ல வரத் தொடங்கியது.

“ரொம்ப நேரமாவும்ட்டி.”

அவள் காலை மடக்கி வசதியாக உட்கார்ந்துகொண்டு, ஹாஸ்டலில் தன்னோடு பேசாமல் போன ஒருத்தியைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தாள்.